வலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்: பிரீச் பிள்ளையைத் திருப்புவது பற்றி

“வயித்தக் கொஞ்சம் அமத்துவாங்க, வேற ஒன்னுமில்ல.” வயிற்றில் தலை மேலாக இருக்கும் பிள்ளையை வெளியிலிருந்து கையால் திருப்புவதற்காகப் பெரிய ஆசுபத்திரிக்கு அனுப்பப்படும் மலையகத் தோட்டத்துப் பிள்ளைத்தாய்ச்சிகளில் பலர் இந்த ஒரு வரியை மட்டும் கேட்டுக்கொண்டுதான் கட்டிலில் ஏறுகிறார்கள். சொல்கிறவர்கள் பயம் காட்டக் கூடாது என்று நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அது உண்மை இல்லை. பெரும்பாலானோருக்கு வலிக்கும், சிலருக்கு நன்றாகவே வலிக்கும். சொல்லாமல் விட்ட வலி வரும்போது, ஏதோ தப்பாகிவிட்டது, பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தாய் பயப்படுவாள். பயந்தால் வயிறு இறுகும். வயிறு இறுகினால் பிள்ளை திரும்பாது. எனவே வலியைப் பற்றி உண்மை சொல்வதும் இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதி என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளையின் தலை மேலேயும் பிட்டமோ காலோ கீழேயும் இருப்பதைத்தான் கிளினிக்கில் பிரீச் என்கிறார்கள். 28 வாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பிள்ளை அப்படித்தான் இருக்கும். அப்போது கவலைப்பட எதுவும் இல்லை. பெரும்பாலானவை தாமாகவே திரும்பிவிடும். மாதம் நிறைந்த பிறகும் அப்படியே இருப்பவை 100இல் 3 அல்லது 4. காரணம் தேடினால் பலருக்கு ஒன்றும் கிடைக்காது. சிலருக்கு நச்சுக்கொடி கீழே இருக்கும், நீர்க்குடத்தில் நீர் கூடவோ குறையவோ இருக்கும், கர்ப்பப்பையின் வடிவம் மாறியிருக்கும், கட்டி இருக்கும், இரட்டைப் பிள்ளையாக இருக்கும். கொழுந்துக்கூடை சுமந்ததாலோ, மலையில் ஏறி இறங்கியதாலோ, ஒரே பக்கமாகப் படுத்ததாலோ பிள்ளை இப்படி ஆகாது. மாமியார் சொன்னாலும் பக்கத்து லயத்து அக்கா சொன்னாலும், அந்தப் பழியைத் தாய் சுமக்க வேண்டியதில்லை.

தாய்க்கே சில அடையாளங்கள் தெரியும். விலா எலும்புக்குக் கீழே கெட்டியாக, உருண்டையாக ஒன்று முட்டும். குனிந்தால் அங்கே வலிக்கும். உதை அடிவயிற்றில், மூத்திரப்பையின் மேல் விழும். மிட்வைஃப் கை வைத்துப் பார்க்கும்போது மேலே இருப்பது இரண்டு விரல்களுக்கு நடுவே பந்துபோல அசையும், அது தலை. பிட்டம் அப்படித் தனியாக அசையாது, உடம்போடு சேர்ந்தே அசையும். பிள்ளையின் இதயத்துடிப்பும் தொப்புளுக்கு மேலே தெளிவாகக் கேட்கும். ஆனால் கைக்கு ஏமாற்றமும் உண்டு. கால்களை நேராக மேலே நீட்டி மடிந்திருக்கும் பிரீச் இடுப்புக்குள் ஆழமாக இறங்கியிருந்தால், அனுபவமுள்ள கைக்கும் அது தலைபோலத் தெரியும். அதனால் 34, 35 வாரத்தில் சந்தேகம் இருந்தாலே 36 வாரத்துக்குள் ஸ்கேன் செய்ய வேண்டும். மலையகத்தில் இது பிந்தினால் எல்லாம் பிந்தும். அடுத்த கிளினிக் நாள் இரண்டு வாரம் கழித்து, அதற்குப் பிறகு கடிதம், அதற்குப் பிறகு பஸ் என்று போகப் போக 39 வாரம் ஆகிவிடும். அப்போது திருப்ப இடமும் குறைவு, நீரும் குறைவு.

வெளியிலிருந்து கையால் திருப்புவதை ஈ.சீ.வீ. என்பார்கள். முதல் பிள்ளை என்றால் 36 வாரத்திலிருந்து, ஏற்கெனவே பெற்றவர் என்றால் 37 வாரத்திலிருந்து செய்வது வழக்கம். அதற்கு முன் செய்தால் பிள்ளை மறுபடி திரும்பிவிடலாம். அவசரமாக வெளியே எடுக்க வேண்டி வந்தால் குறைமாதப் பிள்ளையாகிவிடும். செய்யும் இடத்தில் விசேட வைத்தியர், ஸ்கேன், இதயத்துடிப்பைப் பதியும் சி.டி.ஜி. இயந்திரம், உடனே திறக்கக்கூடிய சத்திரசிகிச்சைத் தியேட்டர், ஏற்ற இரத்தம் எல்லாம் இருக்க வேண்டும். அதனால் தோட்ட மருந்தகத்திலோ சிறிய வைத்தியசாலையிலோ இதைச் செய்வதில்லை. நுவரெலியா, பதுளை, கண்டி, பேராதனை போன்ற பெரிய வைத்தியசாலைகளுக்குத்தான் அனுப்புவார்கள். எந்த வைத்தியசாலைக்கு, எந்த நாளில், எத்தனை மணிக்கு, வெறும் வயிற்றோடு வர வேண்டுமா என்பதை கடிதம் வாங்கும்போதே கேட்டு, கர்ப்பிணி அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாருக்கும் இது பொருந்தாது. நச்சுக்கொடி வாயிலை மூடியிருந்தால், கடந்த ஒரு வாரத்துக்குள் இரத்தம் போயிருந்தால், நீர்க்குடம் உடைந்திருந்தால், வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள் இருந்தால், பிள்ளையின் இதயத்துடிப்புப் பதிவு சரியில்லை என்றால், வேறு காரணத்துக்காக எப்படியும் சிசேரியன்தான் என்று தீர்மானமாகியிருந்தால் செய்ய மாட்டார்கள். இரத்த அழுத்தம் கூடியிருந்தாலோ, பிள்ளையின் வளர்ச்சி குறைந்திருந்தாலோ, நீர் மிகக் குறைவு என்றாலோ, முன்பு சிசேரியன் செய்திருந்தாலோ விசேட வைத்தியர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்து முடிவெடுப்பார். முந்தைய சிசேரியன் என்பதாலேயே கதவு மூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம், கேளுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எண்ணெய் தேய்த்து வயிற்றைத் தடவிப் பிள்ளையைத் திருப்பிவிடுவதாகச் சொல்லும் அம்மாமார் இன்னும் சில தோட்டங்களில் இருக்கிறார்கள். அவர்கள் அன்பானவர்கள், பல பிரசவம் பார்த்தவர்களாகவும் இருக்கலாம். ஆனால் நச்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று அவர்கள் கைக்குத் தெரியாது. அமுக்கும்போது நச்சுக்கொடி பிரிந்தால் உள்ளேயே இரத்தம் கொட்டும். பிள்ளையின் துடிப்பு இறங்கினால் யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் தியேட்டர் அங்கிருந்து மணிக்கணக்கான தூரத்தில். தயவுசெய்து வேண்டாம். முழங்காலில் நின்று நெஞ்சைக் கீழே வைத்துப் படுப்பது போன்ற நிலைகளால் பிள்ளை திரும்பும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. ஆனால் அதில் தீங்கும் இல்லை. செய்து பார்க்க விரும்புகிறவர் செய்யட்டும். அதை நம்பி ஆசுபத்திரித் திகதியைத் தவறவிடக் கூடாது.

அன்று என்ன நடக்கும்? முதலில் ஸ்கேன். பிள்ளை இன்னும் பிரீச்தானா, முதுகு எந்தப் பக்கம், நச்சுக்கொடி எங்கே, நீர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். தானாகவே திரும்பியிருந்தால் அங்கேயே சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம். பிறகு 20 நிமிடம் அளவில் சி.டி.ஜி. அதற்குப் பிறகு கர்ப்பப்பையைத் தளர்த்த ஓர் ஊசி, பெரும்பாலும் டேர்பியூட்டலின், 0.25 மில்லிகிராம், தோலுக்கடியில். இந்த ஊசியைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் பலர் திடுக்கிடுகிறார்கள். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், முகம் சூடாகும். சிறிது நேரத்தில் அடங்கிவிடும். இது ஊசியின் வேலை, ஆபத்து இல்லை. ஆனால் சின்ன வயதில் வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு பாதிக்கப்பட்டவர்கள், தைரொயிட் நோய் உள்ளவர்கள், நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் ஊசிக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

மூத்திரப்பை முழுவதும் காலியாக இருக்க வேண்டும். நிறைந்த பை பிள்ளையின் பிட்டத்தை மறிக்கும், வலியையும் கூட்டும். குளிர் காலத்தில் வார்டில் காத்திருக்கும்போது மறுபடி நிறைந்துவிடும். கட்டிலில் ஏறும் முன் இன்னொரு தடவை போய்விட்டு வாருங்கள். மல்லாந்து, உடம்பை இலேசாக ஒரு பக்கம் சாய்த்து, முழங்காலை மடித்து அடியில் தலையணை வைத்துக்கொள்ள வேண்டும். கால் நீட்டிப் படுத்தால் வயிற்றுத் தசை இறுகி நிற்கும். வயிற்றில் ஜெல்லோ பவுடரோ போடுவார்கள், கை வழுக்கிப் போக. இல்லாவிட்டால் தோல் இழுபட்டு அதுவே தனி வலியாகும்.

முதல் வேலை பிட்டத்தை இடுப்புக் குழியிலிருந்து மேலே தூக்குவது. வைத்தியர் விரல்களை அடிவயிற்று எலும்புக்குச் சற்று மேலே ஆழமாக இறக்கி, பிட்டத்தைத் தூக்கி ஒரு பக்கத்துக்கு ஒதுக்குவார். பெரும்பாலானோருக்கு வலியின் உச்சம் இந்த இடம்தான். உள்ளிருந்து கனமாக அழுத்தி, மூத்திரம் வந்துவிடும்போல, சிலருக்கு வாந்தி வரும்போல இருக்கும். பிட்டம் மேலே வந்துவிட்டால் மற்றது இதைவிட எளிது. மற்றக் கையால் தலையை நெஞ்சோடு மடித்து, முன்னோக்கிக் குட்டிக்கரணம் போட வைப்பதுபோல மெல்ல மெல்லத் தள்ளுவார். தலை விலாப் பக்கமாகச் சுற்றும்போது இன்னொரு தரம் கூர்மையாக வலிக்கும். பாதி வழி தாண்டினால் பிள்ளை தானே வழுக்கிக்கொண்டு போவதைத் தாயும் உணர்வாள். முன்பக்கமாக முடியாவிட்டால் பின்பக்கமாக முயற்சி செய்வார்கள். ஒவ்வொரு முயற்சியும் ஓரிரு நிமிடந்தான். இடையில் கையை எடுத்து, ஸ்கேனில் பிள்ளையின் துடிப்பைப் பார்ப்பார்கள். பொதுவாக நான்கு முயற்சிக்கு மேல் போவதில்லை. கை வைத்திருக்கும் நேரம் எல்லாம் சேர்த்து 10 நிமிடத்துக்குள். நிறைய நேரம் பிடித்து, நிறைய பலம் போட்டால்தான் திரும்பும் என்பது தவறு. திரும்புகிற பிள்ளை முதல் ஓரிரு முயற்சியிலேயே திரும்பும்.

இனி வலி. பூச்சியம் முதல் 10 வரை எண் கேட்டால் பலர் 5 அல்லது 6 சொல்வார்கள். சிலர் 2 என்பார்கள், சிலர் 8, 9. முதல் பிள்ளைக்காரிக்கு, தசை இறுகியவருக்கு, பிட்டம் ஆழமாக இறங்கியவருக்குக் கூடுதல். பிள்ளை திரும்பாமல் போனவர்கள் திரும்பியவர்களைவிட அதிக வலி சொல்கிறார்கள். அது வெறும் மனவருத்தம் இல்லை. திரும்பாத வயிற்றில் அதிக தரம், அதிக பலத்தோடு அழுத்தியிருப்பார்கள். கையை எடுத்தவுடன் வலி இறங்க வேண்டும். இதை எல்லாத் தாயும் தெரிந்திருக்க வேண்டும்: அழுத்தும்போது வலித்து, கை எடுத்தால் குறையும் வலி எதிர்பார்த்த வலி, கை எடுத்த பிறகும் விடாமல் நிற்கிற, கிழிப்பதுபோன்ற வலி எதிர்பார்த்த வலி இல்லை. அதை உடனே சொல்ல வேண்டும். முழுவதும் மரக்கச் செய்யாமல் இதைச் செய்வதற்கு ஒரு காரணமும் இதுதான். தாயின் வலி வைத்தியரின் கைக்கு ஓர் எல்லையாக நிற்கிறது.

ஆனால் நம் தோட்டங்களில் அந்த எல்லை வேலை செய்வதில்லை. வலியில் சத்தம் போடாத பெண் நல்ல பெண் என்று சொல்லி வளர்த்திருக்கிறோம். பல்லைக் கடித்து, சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கிடப்பவளைப் பார்த்து, வலி இல்லை என்று எண்ணி வைத்தியர் இன்னும் அழுத்துவார். அவர் கெட்டவர் இல்லை; அவருக்குத் தெரியவில்லை. மொழியும் தடையாக நிற்கிறது. அறையில் தமிழ் தெரிந்த ஒருவர் இருக்கும்படி முன்கூட்டியே கேளுங்கள். தாதியோ சிற்றூழியரோ யாராக இருந்தாலும் சரி. கிடைக்காவிட்டாலும் இரண்டு சிங்களச் சொற்கள் போதும்: வலிக்கிறது என்பதற்கு “ரிதெனவா”, நிறுத்துங்கள் என்பதற்கு “நவத்தன்ன”. இவற்றோடு ஒரு கைச்சைகையையும் தொடங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். கையைத் தூக்கினால் வைத்தியர் கையை எடுப்பார். மூச்சு வாங்கும் நேரத்தில் வாய் திறக்காது, ஆனால் கை தூக்க முடியும். நிறுத்தச் சொல்ல முடியும் என்று நிச்சயமாகத் தெரிந்த தாய், பெரும்பாலும் நிறுத்தச் சொல்வதே இல்லை.

அனுப்பும் மிட்வைஃபும் தோட்ட வைத்திய உதவியாளரும் இப்படிச் சொல்லலாம்: “தங்கச்சி, இது வலிக்கும். அடிவயித்துல கையை இறக்கித் தூக்கும்போதுதான் கூட. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம், பொறகு விடுவாங்க. நீ கை தூக்கினா நிறுத்துவாங்க. வேணாம்னு சொன்னாலும் ஒன்னும் திட்ட மாட்டாங்க. ரெண்டுல ஒருத்தருக்குத்தான் திரும்பும்.” இவ்வளவும் சொல்ல அரை நிமிடம் போதும். சம்மதக் கையெழுத்து அவளுடையது. புருஷனும் மாமியாரும் பேசி முடிவெடுத்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு வருவது போதாது.

வலியைக் குறைக்கச் செய்யக்கூடியவை உண்டு. மூச்சை அடக்காமல், வைத்தியர் அழுத்தத் தொடங்கும்போது வாயால் நீளமாக வெளியே விட வேண்டும். தாடையைத் தளர விட்டால் வயிறும் தளரும். கட்டில் கம்பியைப் பிடித்துத் தொங்கினால் வயிற்றுத் தசை உடனே இறுகிவிடும். கைகளைப் பக்கத்தில் விரித்து வையுங்கள். முனகலாம், கத்தவும் கத்தலாம், மூச்சு வெளியே போகிறதல்லவா, நல்லதுதான். மூச்சில் இழுக்கும் வாயு இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கும் இடத்தில் தருவார்கள். முதல் தரம் தாங்க முடியாமல் நிறுத்தியவருக்கு, இன்னொரு நாளில் முதுகில் ஊசி போட்டு மறுபடி முயற்சி செய்வதும் சில இடங்களில் உண்டு. அப்படிச் செய்யும்போது திரும்பும் வாய்ப்பும் கூடுகிறது. எல்லா வைத்தியசாலையிலும் கிடைக்காது, கேட்பதில் தவறில்லை.

திரும்பும் வாய்ப்பு மொத்தத்தில் பாதிக்குப் பாதி. ஏற்கெனவே பெற்றவர்களுக்கு 10இல் 6, முதல் பிள்ளைக்கு 10இல் 4. திரும்பிய பிள்ளை மறுபடி பிரீச்சாக மாறுவது 100இல் 3 அளவில்தான். முயற்சிக்குப் பிறகு 24 மணித்தியாலத்துக்குள் அவசர சிசேரியன் தேவைப்படுவது 200 பேரில் ஒருவருக்கு. பிள்ளையின் துடிப்பு சில நிமிடம் இறங்குவது அடிக்கடி நடக்கும்; கையை எடுத்து, தாயை இடப்பக்கம் சரித்தால் பெரும்பாலும் தானே ஏறிவிடும். ஏறாவிட்டால்தான் தியேட்டர். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: திருப்பிய பிள்ளை என்றாலும், தொடக்கத்திலிருந்தே தலை கீழே இருந்த பிள்ளையைவிடப் பிரசவத்தின்போது சிசேரியன் தேவைப்படும் வாய்ப்பு சற்றுக் கூடுதல்.

இந்தச் சில நிமிட வலியை எதோடு ஒப்பிட வேண்டும் என்று கேட்டால், சிசேரியனுக்குப் பிந்திய வாரங்களோடு என்பேன். லயத்துப் படி ஏறுவது, பீலியிலிருந்து தண்ணீர் தூக்குவது, மூத்த பிள்ளையை இடுப்பில் வைப்பது, அடுத்த கர்ப்பத்தில் தழும்பு. ஆனால் அதைச் சொல்லித் தாயை ஈ.சீ.வீ.க்கு மடக்கவும் கூடாது. சிசேரியன் பாதுகாப்பான வழி. பலருக்கு அதுவே சரியான வழி. ஈ.சீ.வீ. வேண்டாம் என்பவளுக்கும், செய்தும் திரும்பாதவளுக்கும் 39 வாரம் அளவில் திகதி கொடுப்பார்கள். பிரீச்சாகவே சாதாரணப் பிரசவம் பார்ப்பது அதில் தேர்ந்த கைகள் இருக்கும் இடத்தில் மட்டுந்தான். தோட்டத்திலோ வழியிலோ ஒருபோதும் இல்லை.

முடிந்த பிறகு மறுபடி சி.டி.ஜி. இரத்த வகை நெகட்டிவ் என்றால் 72 மணித்தியாலத்துக்குள் அன்டி-டி ஊசி போட வேண்டும். அட்டையை நீட்டி, நீங்களே ஞாபகப்படுத்துங்கள். பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு விடுவார்கள். ஆனால் அக்கரபத்தனையோ மஸ்கெலியாவோ பொகவந்தலாவையோ போக வேண்டியவர், அதுவும் ஜூன், ஜூலை மழையில் மண் சரிந்து பாதை மூடும் காலத்தில், அன்றிரவு வார்டிலோ ஆசுபத்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டிலோ தங்குவதே நல்லது. வயிறு ஓரிரு நாள் நோவும், அங்கங்கே கன்றியும் போகலாம். பரசிட்டமோல் போதும். இரத்தம் பட்டால், நீர் போனால், விட்டு விட்டு வலி வந்து கூடினால், வயிறு கல்லாக இறுகி இளகாமல் நின்றால், பிள்ளையின் அசைவு குறைந்தால் விடியும்வரை காத்திருக்காமல் திரும்பிப் போக வேண்டும்.

திரும்பாத பிள்ளை வயிற்றில் இருக்கும்போது நீர்க்குடம் உடைந்தால் அவசரம் இன்னும் கூட. பிட்டத்துக்கும் இடுப்புக்கும் நடுவே இடைவெளி இருக்கும். அதன் வழியே தொப்புள்கொடி இறங்கலாம். கொடி வெளியே தெரிந்தால் தொடக் கூடாது, உள்ளே தள்ளக் கூடாது. தாய் முழங்காலும் முழங்கையும் ஊன்றி, பிட்டத்தை உயர்த்தி, தலையைத் தாழ்த்திக் கிடக்க, ஆம்புலன்ஸுக்கு 1990 என்ற எண்ணை அழையுங்கள். பல லயங்களில் சிக்னல் இருக்காது. 36 வாரம் ஆனதுமே எந்த மேட்டில் நின்றால் போன் எடுக்கும், இரவில் தோட்டத்து வண்டிக்கு யாரை எழுப்ப வேண்டும், எந்த முச்சக்கர வண்டிக்காரர் வருவார் என்று வீட்டில் பேசி வைத்திருக்க வேண்டும்.

பிள்ளை பிறந்த பிறகு ஒரு விடயம் அநேகமாக மறந்து போகிறது. 36 வாரத்துக்குப் பிறகும் பிரீச்சாக இருந்த பிள்ளைக்கு இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் இருக்கும் வாய்ப்பு கூடுதல். திருப்பி, தலை வழியாகவே பிறந்திருந்தாலும் அது பொருந்தும். பிறந்தவுடன் இடுப்பைச் சோதித்தார்களா என்று கேளுங்கள். ஆறு வாரத்தில் இடுப்பு ஸ்கேன் செய்ய முடியுமா என்றும் கேளுங்கள். வீட்டில், மலைக்குளிருக்காகப் பிள்ளையைத் துணியில் சுற்றும்போது கால்களை நேராக நீட்டி இறுக்கிச் சுற்றாதீர்கள். மேலுடம்பைக் கதகதப்பாகச் சுற்றி, கால்கள் தவளைபோல விரிந்து மடங்க இடம் விடுங்கள்.